ஓசிச் செம்மண்

காலை ஏழேகாலுக்குத்தான் மொட்டு கண்ணுக்குத் தெரிந்தது.

ஜெயலெட்சுமி இடுப்பில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் இறங்கினாள். மல்லிச் செடிகள் முழங்கால் உயரத்தில் நின்றிருந்தன. நட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்நேரம் இடுப்புக்கு வந்திருக்க வேண்டும். இலைகள் மஞ்சளாக இருந்தன. நரம்பு மட்டும் பச்சை. அவள் இலைகளைப் பார்க்காமல் மொட்டுகளைத் தேடினாள். ஒரு செடியில் இரண்டு. அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்து நான்கைந்து செடிகளில் ஒன்றுமில்லை.

தரை செருப்புக்கடியில் சிமெண்டுத் தரை போல ஒலித்தது. நேற்று மாலை குழாய் பிடித்து விட்ட தண்ணீர் வரிசைகளின் ஓரத்தில் சிவப்பாகத் தேங்கிக் கிடந்தது. செடிகளின் அடியில் ஈரம் இல்லை.

முன்பெல்லாம் இரண்டாவது வரிசை முடிவதற்குள் பை இடுப்பை இழுக்கும். தினமும் இடுப்பு வலி என்று புலம்புவாள். கணவன் சிவநேசன் தைலம் தேய்த்துவிட வேண்டும். இப்போது ஐந்து வரிசை முடித்து நிமிர்ந்தாள். எங்கும் வலிக்கவில்லை.

சாலையோரம் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. சிவநேசன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். கெப்பாலா பத்தாஸிலிருந்து காலை ஷிப்ட் ஆட்களை ஏற்றி, பாலம் தாண்டி, தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் இறக்கிவிட்டு, இரவு ஷிப்ட் முடித்தவர்களைத் திரும்பக் கொண்டுவருவான். அவர்களை இறக்கிவிட்டு நேராகத் தோட்டத்துக்கு வந்திருந்தான்.

“எவ்வளவு வந்துச்சு?”

அவள் பையை விரித்துக் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான்.

“நேத்தைக்கு இது பரவால்ல.”

“நேத்தைக்கு நான் பறிக்கவே இல்ல.”

அவன் தலையைச் சொறிந்தான். “பூக்கடை குமுதாக்கா போன் போட்டுச்சு. தைப்பூசத்துக்கு நம்ம பூவை நம்பலாமான்னு கேட்டுச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“நீ பேசுவேன்னு சொன்னேன்.”

“நல்ல ஆளு.”

அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். அவன் எதிர்ப்பக்கத்திலிருந்து பறிக்க ஆரம்பித்தான். அவன் விரல்களுக்கு மொட்டு பறிக்கத் தெரியாது. காம்பை விட்டுவிட்டுப் பிய்ப்பான். மற்ற நாளாக இருந்தால் கத்தியிருப்பாள்.

*

ஜெயலெட்சுமியும் ஒரு காலத்தில் அதே பஸ்ஸில் போனவள்தான். சிப் தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தினமும் தாமதமாக வருவாள். பஸ் அவளுக்காக நிற்கும். “டிரைவர் அண்ணனுக்கு இந்த ஸ்டாப்ல மட்டும் பிரேக் நல்லா பிடிக்குது லா” என்று பின்சீட்டில் கேலி பேசுவார்கள். பிறகு கல்யாணம் ஆனது. இருவரும் சேர்ந்து சேமித்து, கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தை வாங்கினார்கள். அவள் வேலையை விட்டாள். எல்லோரும் தோட்டத்தை விட்டு ஃபேக்டரிக்குப் போகிறார்கள், நீ திரும்பி வருகிறாயே என்றார்கள். நான் தோட்டத்திலேயே இருந்ததில்லை, எங்கே திரும்பி வர, என்றாள்.

அது ஆற்று வண்டல். கறுப்பு. கையில் பிடித்தால் பிடியாக நிற்கும். விரலால் தட்டினால் உதிரும். பூ வளர்க்க அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மண் கற்றுக்கொடுத்தது என்றும் சொல்ல முடியாது. அவள் யூட்யூப் பார்த்தாள். மதுரைப் பக்கத்து விவசாயி ஒருவர் அதில் தினமும் பேசுவார். எப்போது கவாத்து, எப்போது தண்ணீர், எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து. அவள் அப்படியே செய்தாள். பூ வந்தது. காலையில் பறித்து, மோட்டார் சைக்கிளில் பட்டர்வொர்த் போய், ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்குக் கடந்து, லிட்டில் இந்தியாவில் குமுதாவின் கடையில் இறக்குவார்கள். மாலையில் அது மலரும். “ஜெயா பூவா?” என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

பக்கத்து நிலம் நெல்வயல். அதற்கு வரும் வாய்க்காலை, தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்றின் சாலை அடைத்துவிட்டது. இரண்டு போகம் சரியாக விளையவில்லை. மூன்றாவது போகம் நடவே இல்லை. வயல்காரர் விற்றார். அங்கும் ஒரு தாமான் வந்தது. வீடு கட்டுவதற்கு முன்னால் லாரி லாரியாக மண் அடித்து, வயலை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் உயர்த்தினார்கள்.

அந்த வருஷ மழையில் தாமானின் தண்ணீர் முழுக்க மல்லித் தோட்டத்துக்கு வந்தது. பிறகு லோங்காங் என்று சிமெண்டு வடிகால் கட்டினார்கள். அது தண்ணீரை இன்னும் ஒழுங்காகக் கொண்டுவந்து விட்டது. மல்லிக்கு வேர் நனைந்தே கிடந்தால் ஆகாது. கடைசி நான்கு வரிசைகள் முதலில் போயின. பிறகு நடுவில். ஜெயலெட்சுமி வாளியால் மொண்டு ஊற்றினாள். வாளி ஓட்டையானதுதான் மிச்சம்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் சிவநேசன் சொன்னான்.

“அஸ்ஹரைப் பார்த்தேன். அதான், லாரிக்கெல்லாம் சூப்பர்வைசர். மிச்ச மண்ணு இருக்காம். நம்ம இடத்துல கொட்டித் தரட்டுமான்னு கேட்டாரு. நாமளும் ரெண்டடி உசத்திக்கலாம்.”

“எவ்வளவு கேக்கறாரு?”

“ஓசி.”

“ஓசின்னா பினாயிலையும் குடிப்பீங்க. என்ன மண்ணு?”

“செம்மண்ணு.”

அவள் சோற்றில் வைத்த கையை எடுத்தாள். “செம்மண்ணா?”

“தானா மேரான்னு சொன்னாரு. செம்மண்ணுதானே.”

தானா என்றால் மண். மேரா என்றால் சிவப்பு. மொழிபெயர்ப்பில் தவறு இல்லை.

அவள் கை கழுவாமல் போனை எடுத்து, இடது கையால் தேடி, அவன் முன்னால் நீட்டினாள். மதுரைப் பக்கத்து விவசாயி ஒரு பிடி மண்ணைக் காமிராவுக்கு நேரே பிடித்திருந்தார். “மல்லிக்குச் செம்மண்ணு மாதிரி வராதுங்க. இது மண்ணு இல்லைங்க, தங்கம்.”

“பாருங்க,” என்றாள். “இதுதான். எட்டு வருஷமா இந்த மண்ணு நமக்கில்லையேன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“அப்போ கொட்டச் சொல்லட்டுமா?”

“இன்னிக்கே சொல்லுங்க.”

நல்ல செடிகளைக் கவாத்து செய்து பெயர்த்து, சாக்கில் கட்டி நிழலில் வைத்தார்கள். அந்த வருஷத் தீபாவளி முடிந்த வாரம் லாரிகள் வந்தன. ஜெயலெட்சுமி தொப்பி போட்டுக்கொண்டு நடுவில் நின்று, இங்கே கொட்டு, அங்கே கொட்டு என்று கை காட்டினாள். ஓட்டுநர்களுக்குப் பையில் கட்டிய ஐஸ் காப்பி வாங்கிக் கொடுத்தாள். மண் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஒரு பிடி அள்ளி, காமிராவுக்கு நேரே பிடித்து, சிவநேசனைப் படம் எடுக்கச் சொன்னாள்.

கறுப்பு மண்ணை முதலில் வழித்து ஓரமாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தங்கம் வந்து இறங்கும்போது பழைய மண்ணை யார் ஒதுக்கி வைப்பார்கள்.

செடிகளை அதில் திரும்ப நட்டார்கள். முதல் மழை பெய்தது. தோட்டத்தில் தண்ணீர் நிற்கவில்லை. இருவரும் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். அவள் சிரித்தாள்.

தண்ணீர் நிற்கவில்லை. உள்ளே இறங்கவும் இல்லை.

*

ஷாஹிரா அன்று பத்து மணிக்கு வந்தாள். விவசாய அலுவலகத்தில் வேலை. ஜார்ஜ்டவுன்காரப் பெண். முக்காட்டுக்கு மேல் வைக்கோல் தொப்பி போட்டிருந்தாள். ஜெயலெட்சுமி மூன்று தடவை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டதற்குப் பிறகு அனுப்பியிருந்தார்கள்.

“லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்குங்க அக்கா. இங்க ஒரு தோட்டம் இருக்குன்னு கூகள் ஒத்துக்க மாட்டேங்குது. தாமானுக்குள்ளயே சுத்த விட்டுருச்சு.”

“எங்க வீட்டுக்காரரே சில நாளு வழி தப்பித்தான் வருவாரு,” என்றாள் ஜெயலெட்சுமி.

ஷாஹிரா ஓர் இரும்புக் குழாயை எடுத்து, இரண்டு செடிகளுக்கு நடுவில் நிறுத்தி, மேலே ஏறி அழுத்தினாள். விரல்கடை அளவு இறங்கியது. வேறொரு இடத்தில் அழுத்தினாள். அங்கும் அவ்வளவுதான். குழாயைப் படுக்க வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள். ஒரு கட்டியை எடுத்து உடைக்கப் பார்த்தாள். உடையவில்லை.

“அக்கா, இது எங்கேருந்து வந்துச்சு?”

“பக்கத்துத் தாமானுக்கு அடிச்ச மண்ணுல மிச்சம்.”

“அவங்களுக்கு எங்கேருந்து?”

“மலை வெட்டினதுன்னு சொன்னாங்க,” என்றான் சிவநேசன்.

ஷாஹிரா கட்டியைக் கீழே வைத்தாள். தூக்கிப் போடவில்லை, வைத்தாள்.

“மலையில மேலாக்க ஒரு முழம்தான் மண்ணு, அண்ணே. அதுலதான் மரம் நிக்குது. அதுக்குக் கீழ இருக்கறது இது. வீடு கட்டறவங்களுக்கு இதுதான் வேணும். அடிச்சா நல்லா இறுகும், தண்ணி உள்ள போகாது. இதைத்தான் அவங்க தானா மேரான்னு சொல்றது.”

“செம்மண்ணு,” என்றாள் ஜெயலெட்சுமி.

“கலர் செம்மண்ணுதான் அக்கா.”

தாமான் பக்கத்தில் ஒரு வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“ஆட்டுப் புழுக்கை நிறைய போட்டேன்,” என்றாள் ஜெயலெட்சுமி. “பாக்கெட் உரமும் போட்டேன். அந்த மதுரைக்காரரு சொன்ன மாதிரியே போட்டேன்.”

“உள்ள இறங்கியிருக்காது. மழை வந்ததும் ஓடிப்போயிருக்கும்.”

“இன்னும் போட்டா?”

“போடலாம். சுண்ணாம்பு, சாணி, தழை. வருஷக்கணக்கா போட்டுக்கிட்டே இருந்தா மேலாக்க கொஞ்சம் மாறும்.” ஷாஹிரா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “பூ வர்ற அளவுக்கு மாறுமான்னு என்னால சொல்ல முடியல.”

“இதுக்குக் கீழ என் மண்ணு இருக்கு.” ஜெயலெட்சுமி எழுந்தாள். “அதைப் பார்க்கலாம்.”

சிவநேசன் கடப்பாரை கொண்டுவந்தான். பழைய வரிசை ஒன்று இருந்த இடத்தை அவள் காட்டினாள். அவன் குத்தினான். சிவப்புக் கட்டிகள் ஓடு போலப் பெயர்ந்தன. அவன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு மறுபடி குத்தினான். முழங்கை ஆழத்துக்கு மேல் போனதும் கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. இழுத்தபோது முனையில் ஏதோ ஒட்டியிருந்தது.

கறுப்பு இல்லை. நீலம் கலந்த சாம்பல் நிறம்.

அழுகிய முட்டை வாடை வந்தது. குழியின் அடியில் தண்ணீர் மெதுவாக ஊறியது. தாமானின் தண்ணீர் அடிவழியாக வந்துகொண்டுதான் இருந்தது. மேலே இருந்த மூடி அதைக் காட்டவில்லை.

ஜெயலெட்சுமி குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்தாள். பிடித்துப் பார்த்தாள். அது பிடியாக நிற்கவில்லை. விரல்களுக்கு இடையில் வழிந்தது. ஒரு வேர்த் துண்டு மட்டும் கையில் மிஞ்சியது. இழுத்ததும் தோல் உரிந்து வந்தது.

“மூச்சு விட முடியாம செத்துப்போச்சு, அக்கா,” என்றாள் ஷாஹிரா. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்படிச் சொல்லக் கூடாது. சாரி.”

“மேல இருக்கறதை வழிச்சு எடுத்துட்டா?” என்றான் சிவநேசன். “காத்துப் பட்டா திரும்ப வருமில்ல?”

ஷாஹிரா நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கம் தாமான். மறுபக்கம் புதிதாக உயர்த்திய சாலை. பின்பக்கம் யாரோ போட்ட கிடங்கு. அதன் தரையும் உயரம்.

“எடுத்தா இந்த இடம்தான் பள்ளம், அண்ணே. நாலு பக்கத்துத் தண்ணியும் இங்கதான் வந்து நிக்கும்.”

எடுத்தால் குளம். விட்டால் செங்கல்.

“ஆஃபீஸ்ல கேட்டுப் பார்க்கிறேன்,” என்று ஷாஹிரா சொன்னாள். இரும்புக் குழாயில் மண்ணே ஒட்டவில்லை. அவள் அதை வெகுநேரம் துடைத்தாள்.

அவள் போன பிறகு ஜெயலெட்சுமி குழாயடியில் கை கழுவினாள். சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. சிவநேசன் குழியை மூடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அதன் பக்கத்தில் நின்றான். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தான். அவள் துண்டை உதறிக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனாள்.

*

மறுநாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு சிவநேசன் அஸ்ஹரைத் தேடிப் போனான். அஸ்ஹர் இப்போது வேறொரு இடத்தில் மண் அடித்துக்கொண்டிருந்தார். அதுவும் வயலாக இருந்த இடம்தான். லாரிகள் வரிசையில் நின்றன. அஸ்ஹர் குடையடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிவநேசனைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். இருவரும் மலாயில் பேசினார்கள். அஸ்ஹர் அவனை ‘பாங்’, அதாவது அண்ணே, என்றுதான் கூப்பிடுவார்.

“எப்படி இருக்கீங்க, பாங்?”

“மண்ணைத் திருப்பி எடுத்துக்கணும், அஸ்ஹர்.”

அஸ்ஹர் சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“எந்த மண்ணை?”

“நீங்க குடுத்ததை.”

“பாங், மண்ணு குடுக்கத்தான் லாரி இருக்கு. திரும்ப எடுத்தா நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? மலை மேலயா?”

“பூ வரலை. எல்லாம் சாகுது.”

“பூவா?” அஸ்ஹர் உண்மையாகவே திகைத்தார். “நீங்க செடி நடறதுக்கா வாங்கினீங்க? வெள்ளம் வருதுன்னுதானே சொன்னீங்க. வீடு கட்டப் போறீங்கன்னு நினைச்சேன். தானா மேராவில யாராவது செடி நடுவாங்களா?”

அஸ்ஹர் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், பாங். என் அப்பாவும் நெல்லு நட்டவர்தான்.”

ஒரு லாரி பின்னால் வந்து தொட்டியைத் தூக்கியது. மண் சரிந்து விழுந்தது. தூசி அடங்கும்வரை இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க,” என்றார் அஸ்ஹர். “இப்போ அது நல்ல இடம். உசந்திருச்சு, இறுகிருச்சு, ரோட்டுக்கும் பக்கம். வாங்க ஆள் இருக்கு. பாதி வேலையை நீங்களே முடிச்சு வச்சிருக்கீங்க.”

அவர் நல்லதாகத்தான் சொன்னார். சிவநேசனுக்கு அது தெரிந்தது. போத்தலைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் ஜெயலெட்சுமி கேட்டாள். “என்ன சொன்னாரு?”

“எடுக்க முடியாதுன்னுட்டாரு.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

*

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அவள் மறுபடி பறித்தாள். எல்லா வரிசையிலும் நடந்தாள். பறிக்க இருந்ததையெல்லாம் பறித்தாள். சிறியதைக்கூட விடவில்லை. சிவநேசன் விடுப்பு எடுத்திருந்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் பூப்பெட்டியைக் கட்டப் போனான். அவள் வேண்டாம் என்றாள். பூவை ஈரத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

லிட்டில் இந்தியாவில் தோரணம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். பாட்டுக் கேசட் கடைகளுக்கு நடுவில் குமுதாவின் கடை. ஐந்தடி நடைபாதையில் இரண்டு பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து சாமந்தி கோத்துக்கொண்டிருந்தார்கள். சிவநேசன் எதிரில் தேநீர்க் கடைக்குப் போனான். தானும் கூட வருவதாக அவன் சொன்னதற்கு, “நான் சொல்லிக்கறேன்” என்றிருந்தாள்.

“வாடி மகாராணி,” என்றாள் குமுதா. “பெட்டி இறக்க ஆள் நிறுத்தி வச்சிருக்கேன், நீ கைப்பையை ஆட்டிக்கிட்டு வர்றே. சாமி பார்க்க வந்தியா, சாமான் குடுக்க வந்தியா?”

“பூதான்க்கா.”

“எங்கே?”

ஜெயலெட்சுமி பையைத் திறந்து ஈரத் துணியை எடுத்து தராசில் வைத்தாள். பெரிய தராசு. மூட்டையாக நிறுப்பது. எண்கள் ஒரு தடவை துடித்தன. பிறகு பூஜ்ஜியம் வந்து நின்றது.

குமுதா தராசைப் பார்த்தாள். ஜெயலெட்சுமியைப் பார்த்தாள்.

“பேட்டரி போயிருச்சு போல,” என்றாள்.

அப்போது ஓர் ஆள் வந்து உதிரிப்பூ கேட்டார். குமுதா ஈரத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குச் சாமந்தியை அள்ளிப் போட்டாள். தராசு எடை காட்டியது. அவர் வாங்கிக்கொண்டு போனார்.

கடைக்குள் வெள்ளைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. விமானத்தில் வந்தவை. ஒன்று திறந்திருந்தது. ஐஸ் பைகளுக்கு நடுவில் மல்லி மொட்டுகள். நீளமாக, ஒரே அளவில்.

“நல்லாத்தானே இருக்கு,” என்றாள் ஜெயலெட்சுமி.

“என்ன நல்லா இருக்கு? முந்தாநாள் விரிய வேண்டியது, இன்னிக்கு வந்து கண்ணைத் தேய்க்குது. மூஞ்சிக்கிட்ட வச்சாலும் வாசம் இல்ல. ஐஸ்ல வச்ச பொண—” குமுதா தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். “சீ. நல்ல நாளும் அதுவுமா. நீ சொல்லு. எப்போ பெட்டி வரும்? நான் நாலு பேருக்கு வாக்கு குடுத்திருக்கேன்.”

“வராதுக்கா.”

“தைப்பூசத்துக்கா?”

“இனிமே.”

குமுதா மடியிலிருந்த துணியை விரித்தாள். மொட்டுகளை விரலால் அளைந்தாள். பெரும்பாலும் அரிசி அளவு.

“மண்ணு என்னாச்சு? அவ்வளவு கருப்பா இருக்குமேடி. நான் ஒரு தடவை வந்து ரோசாத் தொட்டிக்குக் கூட எடுத்துட்டு வந்தேனே.”

“மூடிட்டோம்.”

“எதால?”

ஜெயலெட்சுமி பதில் சொல்ல வாய் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. குமுதா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

“சரி. கட்டு.”

வாழை நாரை நனைத்துக் கொடுத்தாள். ஜெயலெட்சுமி கட்டினாள். எதிரெதிராக இரண்டு, குறுக்கே இரண்டு, ஒரு முடிச்சு. தெருவில் மேளக்காரர்கள் லாரியில் போனார்கள். சாமந்தி கோத்த பெண்கள் தலையாட்டிக்கொண்டே ஊசி குத்தினார்கள். துணியில் மொட்டு தீர்ந்தது. அவள் முழங்கையில் வைத்து அளந்தாள். ஒரு முழத்துக்கு நாலு விரல் குறைந்தது.

குமுதா பெட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து நீட்டினாள். “இதைச் சேர்த்து முழமாக்கு.”

ஜெயலெட்சுமி வாங்கவில்லை. அப்படியே முடிச்சுப் போட்டாள்.

“திரும்பு,” என்றாள் குமுதா. தன் தலையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, அந்தச் சரத்தை அவள் கொண்டையில் குத்தினாள். “முழம் குறைஞ்சதை நான் விக்க முடியாது. நாளையிலேருந்து இங்க வா. உன் கை வேகம் எனக்குத் தெரியும். பொட்டி பிரிக்கவும் ஆள் வேணும். யோசிச்சு சொல்லு.”

“யோசிக்கறேன்க்கா.”

“அழறதுன்னா உள்ள போய் அழு. இங்க பூ நனையும்.”

ஜெயலெட்சுமி சிரிக்கப் பார்த்தாள்.

*

திரும்பும் ஃபெரியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இருவரும் கம்பியருகே நின்றார்கள். தோட்டம் வைத்த நாளிலிருந்து அவள் பூ வைத்துக்கொண்டதில்லை. தலையில் வைத்தால் விற்கிற பூவில் குறையும் என்பாள். சிவநேசன் அவள் கொண்டையைப் பார்த்தான்.

இயந்திரம் அதிர்ந்தது. ஜார்ஜ்டவுன் விலகியது. கட்டடங்களுக்குப் பின்னால் மலை தெரிந்தது. சரிவில் ஓரிடம் சிவப்பாகத் திறந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பாரந்தூக்கி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்தான்.

“அஸ்ஹர் இன்னொண்ணும் சொன்னாரு,” என்றான். “உன்கிட்ட நான் சொல்லல.”

“தெரியும். எனக்கும் போன் பண்ணினாரு.”

“எப்போ?”

“நீங்க போயிட்டு வந்த மறுநாள். வாங்கறவங்க வந்து பார்க்கணுமாம்.”

“நீ என்ன சொன்னே?”

“வரச் சொன்னேன்.”

அவன் கம்பியை இரு கையாலும் பிடித்தான். காற்றில் ஒரு மொட்டு சரத்திலிருந்து நழுவி அவள் தோளில் விழுந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இன்னும் மலரவில்லை. விரல்களை மூடினாள்.

“செடியெல்லாம்?” என்றான்.

“எது உசுரோட இருக்குன்னு பார்த்து நாலஞ்சைத் தொட்டியில வைக்கலாம். மண்ணுதான் கடையில வாங்கணும்.”

அக்கரை நெருங்கியது. ஆட்கள் தலைக்கவசத்தை மாட்டத் தொடங்கினார்கள். வண்டிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்கள். அவன் அசையவில்லை.

“செம்மண்ணுன்னு வந்து சொன்னவன் நான். ஒரு வார்த்தை என்னைத் திட்ட மாட்டியா, ஜெயா?”